உடும்புத் தோலில் ஒரு கோவணம்

என் வாழ்நாளில் நான் எடுத்த முடிவுகளில் பிழையாகப் போனது ஒன்றே ஒன்றுதான். (இந்த வரியை எழுதும்போது என் மனைவி பூமணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒண்டோ? சரி, எழுதுங்கோ. வாசிக்கிறவையும் சிரிக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போகிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லமாட்டேன். எண்ணும்போது கை கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான்.)

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அதுவும் முழுதாக இல்லை. ஆண்டின் நடுவில் வாத்தியாருக்கும் எனக்கும் ஒரு கணக்கில் கருத்து வேறுபாடு வந்தது. அவர் உள்ளே இருந்தார், நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு சைக்கிளில் விறகு கட்டி விற்றேன், மாட்டு வண்டில் ஓட்டினேன், கடைசியில் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் சொந்தமாக நெல்லுக் குத்தும் மில் ஒன்று போட்டேன். மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில் அந்த மில்லின் இயந்திரத்தை எதைக் குடிக்கக் கொடுத்து ஓட்டினேன் என்று பெரிய பெரிய இஞ்சினியர்மார் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். (இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.)

இப்படித் தன் கையால் மேலே வந்த ஒருவனிடம் கமரா வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி, சண்டைக் காலம். பற்றறி, மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் பக்கம் வரத் தடை. சுவிசில் இருந்த என் தம்பி, கொழும்பு வந்த யாரோ ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டான். மூன்று கை மாறி, பழைய சேலைகளுக்கு நடுவில் சுருண்டு என் வீட்டுக்கு வந்தது. பற்றறி இல்லாமலும் வேலை செய்யும் நல்ல கனமான கமரா. கூடவே இரண்டு பிலிம் சுருள், ஒரு கடிதம். பிலிம் முடிந்ததும் கமராவின் அடியில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டு சுருளைத் திருப்பிச் சுற்ற வேண்டும், பிறகுதான் முதுகுக் கதவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் போய்விடும் என்று எழுதியிருந்தான். எனக்குப் போய் இதை எழுதுகிறானே என்று சிரித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் என் அக்காவின் மகள் சுகந்திக்குக் கல்யாணம் முற்றாகியிருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமனான என் வீட்டு முற்றத்தில்தான் பந்தல். ஆனால் அக்கா, இடுப்பு வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்க வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனவ, திரும்பி வர ஆமிக்காரரின் பாஸ் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டா. நாளைத் தள்ளலாம் என்றால், இதை விட்டால் எட்டு மாதத்துக்குப் பொருத்தமான நாள் இல்லை என்று சாத்திரியார் கைவிரித்தார். அக்காவே கடிதம் எழுதி அனுப்பினா.

"தம்பி, எனக்காகக் கல்யாணத்தை நிப்பாட்டாதை. தாலி கட்டேக்கை ஒரு படம் எடுத்து அனுப்பு. வேறை ஒண்டும் வேண்டாம். பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏறுறதை நான் பாக்கோணும்."

பூமணி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பேசாமல் சந்தையடி ஸ்ரூடியோக்காரரைச் சொல்லுவம்" என்றாள்.

"கமரா உள்ள வீட்டுக்கு இன்னொரு கமராக்காரனோ? மில் வைச்சிருக்கிறவன் உரலிலை நெல்லுக் குத்துவனோ?"

"மில்லை நீங்கள் பழகிப்போட்டு ஓட்டினனீங்கள். இதிலை இன்னும் ஒரு படமும் எடுக்கேல்லை."

"ஒண்டைச் செய்ய முதல் அதுக்கு வேண்டியதை ஒழுங்குபடுத்தோணும் பூமணி. கமராவுக்கு உறை இல்லை. உறை இல்லாமல் இந்தப் புழுதிக்குள்ளை அதைத் தூக்கேலாது."

உறை என்றால் எனக்கு ஏதோ ஒரு உறை இல்லை. எங்கள் பக்கம் கிணறு பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரரின் கழுத்தில் ஒரு கமரா தொங்கியதைக் கண்டிருந்தேன். அதற்கு அரை உறை. கீழ்ப்பாதி மட்டும் நல்ல தோலுக்குள் இருக்கும். மேற்பாதி, அந்தப் பளபளப்பு, வில்லை, திருகு எல்லாம் வெளியே தெரியும். முழு உறை போட்டு மூடிவிட்டால் கழுத்தில் தொங்குவது கமராவா சாப்பாட்டுப் பெட்டியா என்று ஊர்ச்சனத்துக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்பும் வேண்டும், பார்வைக்கும் வேண்டும். அரை உறைதான் சரி என்று தீர்மானித்தேன்.

பூமணிக்கு அதைக் கையால் காட்டி விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இடுப்புக்குக் கீழை மட்டும் மூடியிருக்கும். மேலை ஒண்டும் இல்லை."

"ஓம்."

"அப்ப கமராவுக்கு ஒரு கோவணம்."

பெரிய யோசனைகளை முதலில் கேட்கும்போது சனம் இப்படித்தான் பேசும்.

சந்தையடியில் மோட்டார் சைக்கிள் சீற்றுகளுக்கு உறை தைக்கும் தில்லை அண்ணையிடம் போனேன். ஊசி பிடிப்பதில் கெட்டிக்காரர், கதைப்பதில் சிக்கனக்காரர். கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கறுப்பு ரெக்சின் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

"ரெக்சினோ?" என்றேன். என் முகம் சுருங்கியதை அவர் பார்த்திருப்பார். "இது சுவிசிலை இருந்து வந்த சாமான் அண்ணை. அசல் தோல்தான் வேணும்."

"தோல் இப்ப ஆரிட்டை இருக்கு? ஆட்டுத்தோல் எண்டாலும் ஊற வைச்சு, பட்டை போட்டுப் பதப்படுத்த மூண்டு கிழமை செல்லும்."

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஆனால் முடியாது என்ற சொல்லைக் கேட்டால் எனக்குள் ஒரு இயந்திரம் தொடங்கிவிடும். அன்று பின்னேரமே ஒட்டுசுட்டான் பக்கம் சைக்கிளை மிதித்தேன். அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா கந்தப்பு இருந்தார். காட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பாத மனிதர். அந்தப் பெருமையில் பாதி அவருடைய நாய் வீமனுக்குச் சேர வேண்டும். உடும்பு பிடிப்பதற்கென்றே பழக்கிய நாய். பற்றைக்குள் மூக்கை விட்டால் உடும்போடுதான் வெளியே வரும் என்று அந்தப் பகுதி முழுக்கப் பேச்சு.

கந்தப்பு வீட்டு வேலியில் உடும்புத் தோல் ஒன்று உப்புப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. மணி மணியாக, வரி வரியாக, சாமியின் கவசம் மாதிரி. கண்டதும் தீர்மானித்துவிட்டேன்.

"பதப்படுத்தாத தோல் சம்பந்தி" என்றார் கந்தப்பு. "வீமன் போன கிழமை பிடிச்சது. கொஞ்சம் மணக்கும்."

"கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தானே கட்டுறவை? அது மணக்குதோ?"

"கஞ்சிராவை ஆரும் கழுத்திலை கட்டிக்கொண்டு திரியிறேல்லை."

அவரை மதித்துச் சிரித்துவிட்டுத் தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். படலைவரை வீமன் என் பின்னாலேயே வந்து நின்றது. அதன் பார்வையில் ஏதோ முறைப்பாடு இருந்ததை நான் அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தில்லை அண்ணை தோலைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இது உடம்பிலை இருந்து இன்னும் முழுசா இறங்கேல்லை."

"ஈரமாக்கி, கமராவிலை இழுத்துப் பிடிச்சுத் தையுங்கோ. காயேக்கை அப்பிடியே அச்சுமாதிரி இருக்கும். மேளத்துக்குத் தோல் கட்டுறது எப்பிடி?"

"மேளத்துக்குள்ளை பிலிம் போடுறேல்லை." இதைச் சொல்லிவிட்டுக் கமராவின் அடியைக் காட்டினார். "இஞ்சை ஒரு பொத்தான் கிடக்கு. ஓட்டை விடட்டோ?"

"ஓட்டை போட்ட உறையை ஆரும் சொல்லிச் செய்விப்பினமோ அண்ணை?"

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது சம்மதம் என்று நினைத்தேன். (பிறகொரு நாள் கேட்டபோது, களைப்பு என்றார்.) முதல் சுருளை உள்ளே போட்டு, ஈரத்தோலை இழுத்து, முதுகுக் கதவின் பாதிக்கு மேலும் மடித்துத் தைத்தார். இரண்டு நாள் நிழலில் காய்ந்தது. கையில் எடுத்தபோது கல் மாதிரி இருந்தது. அழகு என்றால் அழகு. ஊரில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. இன்றுவரை இல்லை.

கல்யாணக் காலை. நான் பட்டுவேட்டி கட்டி, கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். பளிச்சென்று அடிக்கும் விளக்குக்குப் பற்றறி வேண்டும், அது இல்லை. அதனால் மணவறைக்கு நேர் மேலே பந்தலில் மூன்று ஓலைக் கிடுகைக் கழற்றச் சொல்லி வெயிலை உள்ளே விட்டேன். அந்த யோசனைக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஐயர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "உதென்ன கழுத்திலை?" என்றுதான். நான் விளக்கினேன். விளக்கத்தோடு ஒரு படமும் எடுத்தேன். வாழை கட்டிய வாசல் இரண்டு படம். பாயசக் கிடாரம் ஒரு படம். தவில்காரர் கன்னம் உப்ப வெற்றிலை போடுவது ஒரு படம். பிறகு, படம் எடுக்கிறவனின் படம் எந்தக் கல்யாணத்திலும் இருப்பதில்லை என்ற அநியாயம் நினைவுக்கு வந்தது. பூமணியிடம் கமராவைக் கொடுத்து என்னை நாலு படம் எடுக்கச் சொன்னேன்.

"இது ஏன் இப்பிடி நாறுது?" என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டே எடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து படம் எடுத்துக்கொண்டே வந்தவன், வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போக வேண்டிய பன்னீரில் பாதி கமராவுக்குப் போயிற்று. உறை ஊறியது. ஊறிய தோல் தளர்ந்து தொங்கியது. பன்னீரும் உடும்பும் கலந்தால் என்ன வாசம் வரும் என்பது எனக்கும் என்னருகில் நின்ற சம்பந்திமாருக்கும் மட்டும் தெரியும்.

சம்பந்திமாரோடு கந்தப்பு வந்திருந்தார். கந்தப்புவோடு வீமனும் வந்திருந்தது. வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம், கல்யாண வண்டிலுக்குப் பின்னால் ஓடி வந்துவிட்டதாம். வேலியோரம் படுத்திருந்த நாய், தலையைத் தூக்கி மூக்கைக் காற்றில் பிடித்தது.

ஈரத்தைக் காயவைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பையும் முடிக்காத எனக்கே தெரிந்த விசயம் அது. நேரே குசினிக் கொட்டிலுக்குப் போய் கமராவைப் பாயச அடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். தோல் காய்ந்தது. காய்ந்தது மட்டுமல்ல, கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டு இறுகவும் இறுகியது. உடும்பு உயிரோடு இருந்தபோதுகூட எதையும் அப்படிப் பிடித்திருக்காது.

மணவறையடிக்கு வந்தேன். மாப்பிள்ளை இருந்துவிட்டார். சுகந்தி கூறைச்சேலை மாற்றிக்கொண்டு வந்து இருந்தாள். கண்ணைக் கமராவின் பார்வைத் துளையில் வைத்து, படத்துக்குப் படம் இழுக்கும் தடியை இழுத்தேன். வரவில்லை. எண்காட்டியைப் பார்த்தேன். முப்பத்தாறு.

பதறவில்லை. மடியில் இரண்டாம் சுருள் இருக்கிறது. அடிப் பொத்தானை அழுத்தி, சுற்றி, கதவைத் திறந்து, புதுச் சுருளைப் போட வேண்டியதுதான். கமராவைத் திருப்பினேன். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் உடும்பின் வயிறு இருந்தது. கதவை நெம்பினேன். அங்கே உடும்பின் முதுகு இருந்தது.

அப்போதுதான் பதறினேன்.

பந்தலுக்குப் பின்னால் ஓடினேன். பூமணி என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டு கத்தியோடு வந்தாள்.

"வெட்டுவம்."

"வெட்டினா உறை என்னத்துக்கு ஆகும்?"

"வவுனியாவிலை மச்சாள் படத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறா. உங்களுக்கு இஞ்சை கோவணம் பெரிசாக் கிடக்கு."

அது எனக்குச் சுட்டது. வெட்டு என்றேன். ஆனால் அடுப்பில் இறுகிய தோல் தகரம் மாதிரி நின்றது. கத்தி வழுக்கியது, தையலிலும் ஏறவில்லை. அந்த நேரம் வெற்றிலை துப்ப வந்த தவில்காரர் நின்று பார்த்தார்.

"நெருப்புக் காட்டினனீங்களோ?"

"ஓம்."

"தோல் நெருப்புக்கு இறுகும், தண்ணிக்கு இளகும். நாங்கள் நெடுகச் செய்யிற வேலை. கொண்டாங்கோ." துண்டை நனைத்துத் தோலின்மேல் வைத்து விரல்களால் நீவினார். சொன்னபடியே மெல்ல மெல்ல இளகியது. ஒரு மூலை கழன்றது. அந்த மனிதரின் விரல்களைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

மணவறையிலிருந்து ஐயரின் குரல் வந்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்."

"ஐயோ, என்னைத்தான்" என்று சொல்லிவிட்டு, தவில்காரர் ஈரக் கையோடு ஓடினார்.

"ஐயா, ஒரு அஞ்சு நிமிசம்" என்று நான் பந்தலுக்குள் பார்த்துக் கத்தினேன். முகூர்த்தம் மில் வாசலில் வரிசையில் நிற்காது என்பது ஐயருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

இங்கே இரண்டு விசயம் ஒன்றாக நடந்தது. அங்கே மேளம் முழங்கியது. இங்கே, நனைந்த தோலின் வாசம் முற்றம் முழுக்கப் பரவி, வீமனுடைய பொறுமை முடிந்தது. அது தன் கையால், அதாவது வாயால், பிடித்த உடும்பு. அதை யாரோ எடுத்துக் கழுத்தில் போட்டுத் திரிவதைக் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பாய்ந்து வந்து, என் கையிலிருந்த கமராவை உறையோடு கவ்விக்கொண்டு பந்தலின் ஓரத்தால் ஓடியது.

நான் பின்னால் ஓடினேன். பட்டுவேட்டி ஓட்டத்துக்குச் சரிவராது. அதை மடித்துக் கட்ட நேரமில்லாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணவறைக்கு முன்னால், முழுச்சபையும் பார்க்க ஓடினேன். எனக்குப் பின்னால் கந்தப்பு, "வீமா, விடடா, அது சம்பந்தியின்ரையடா" என்று கத்திக்கொண்டு ஓடினார். அவருக்குப் பின்னால் பூமணி, கத்தியோடு.

அந்த நேரத்தில்தான் என் மருமகளின் கழுத்தில் தாலி ஏறியது.

வைக்கோல் போருக்குப் பின்னால் வீமன் வேலையை முடித்திருந்தது. நானும் பூமணியும் தவில்காரரும் கழற்ற முடியாத உறையை அது நாலு இழுவையில் உரித்துவிட்டது. கமரா வைக்கோலுக்குள் கிடந்தது. முதுகுக் கதவு திறந்து, முப்பத்தாறு படமும் சுருள் சுருளாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஆனால் ஒன்றை நான் இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். கமராவில் ஒரு பல் அடையாளம் இல்லை. அவ்வளவு பல்லையும் என் உறைதான் தாங்கியது. (எந்த உறையும் இல்லாவிட்டால் நாய் கமராவைத் தொட்டே இருக்காது என்று பூமணி சொல்வாள். அது வேறு விவாதம்.)

இரண்டாம் சுருளைப் போட்டேன். திரும்பி வந்தபோது சனம் அறுகரிசி போட்டு வாழ்த்தி முடித்து எழும்பத் தொடங்கியிருந்தது. மணவறைக்கு முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உதவி கேட்டேன்.

"தம்பி, இன்னொருக்கால் கட்டுறமாதிரிக் கையை வையுங்கோ. அக்காவுக்கு அனுப்ப."

ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டின தாலியை மறுபடி தொடுறதோ? நான் இதிலை நிக்கமாட்டன்."

"தொட வேண்டாம் ஐயா. சும்மா கழுத்துக்குப் பின்னாலை கையைப் பிடிச்சால் காணும்."

சபை முழுவதும் ஐயரைப் பார்த்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை. கையைக் கொண்டுபோய் வைத்தார். ஐயர் நின்றார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் கமராவுக்குள்ளால் பார்த்தேன். சுகந்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, சிரிக்காதை. தலையைக் குனி."

"ஏலாது மாமா. தாலி கட்டேக்கையும் இப்பிடித்தான் சிரிச்சனான். நீங்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டனான்."

எடுத்தேன். ஒன்றுக்கு ஆறாக எடுத்தேன். ஊர்ச்சனம் கைக்குக் கை மாற்றிக் கொண்டுபோய்ப் படத்தை வவுனியாவில் அக்காவிடம் சேர்ப்பித்தது. நடந்ததைக் கடிதத்தில் நான் எழுதவில்லை. படமே சொல்லும் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். மேலே மூன்று கிடுகு இல்லாத பந்தல். வேறெங்கோ பார்க்கும் ஐயர். மணவறையின் கீழே, படத்தின் மூலையில், வாயில் ஒரு தோல் துண்டோடு வீமன். நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மணமகள்.

அக்காவின் பதில் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தது.

"தம்பி, படம் கிடைச்சுது. என்ரை கழுத்திலை தாலி ஏறேக்கை நான் அழுதனான். என்ரை பிள்ளை சிரிச்சிருக்கிறாள். எனக்கு அது காணும். அந்த நாய் ஆரின்ரை?"

அதன்பிறகு நான் எதை வாங்கினாலும் வீட்டில் முதல் கேள்வி, "உடும்போ ரெக்சினோ?" என்பதுதான். மில்லுக்குப் புதுப் பட்டி வாங்கியபோது கேட்டார்கள். மூக்குக்கண்ணாடிக்குக் கூடு வாங்கியபோதும் கேட்டார்கள். தம்பி சுவிசிலிருந்து கைத்தொலைபேசியும் அதற்கொரு உறையும் அனுப்பியபோது, பூமணி அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள்.

அண்மையில் சுகந்தியின் மகளுக்குக் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். படம் எடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவரின் கமராவைக் கண்டதும் என் கால் தானாக அங்கே போயிற்று. மண்ணிறத்தில், கீழ்ப்பாதிக்கு மட்டும், அழகான அரை உறை.

"தம்பி, உது என்ன தோல்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல முன்னம், மணவறையடியில் நின்ற சுகந்தி மண்டபம் கேட்கச் சொன்னாள்.

"மாமா, பயப்பிடாதையுங்கோ. நாயைக் கட்டியாச்சு."

முன்வரிசை முழுவதும் சிரித்தது. கதிரையில் இருந்த அக்கா, இப்போது காது சரியாகக் கேட்காத அக்கா, எதற்கென்று கேட்காமலே எல்லாருக்கும் மேலாகச் சிரித்தா. நான் யாரையும் கவனிக்காமல் அந்தத் தம்பியிடம் கமராவை ஒருக்கால் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

ஓட்டை விட்டிருந்தார்கள்.